பாரபட்சம் என்ற ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் பல குற்றச்சாட்டுகளும்

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் வேலை செய்கிறேன். பதவி உயர்வு, புகார் விசாரணை பற்றிய அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஒரு நேர்காணல் குழுவைப் பற்றி வந்த புகாரை விசாரித்தேன். குழுவில் இருந்த ஒருவர், தேர்வானவரோடு முன்பு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'தி மெம்பர் வாஸ் பயாஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ்டு ஆன் தி டிசிஷன்' என்று எழுதினேன். மேலாளர் இரண்டு இலக்கணப் பிழைகளைத் திருத்திவிட்டு, 'இது பயாஸா, கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்டா?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அறிக்கையைப் பார்த்த அந்த உறுப்பினரோ, தன்னை நேர்மை இல்லாதவர் என்று எழுதிவிட்டதாக மனம் நொந்து போயிருக்கிறார். எனக்கு இரண்டுமே பாரபட்சம் என்றுதான் தோன்றுகிறது. பயாஸ், ப்ரெஜுடிஸ், பார்ஷியல், ஃபேவர், டிஸ்க்ரிமினேஷன் எல்லாம் எப்படி வேறுபடுகின்றன? என் வாக்கியத்தை எப்படித் திருத்துவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கணத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன வேலை. 'பயாஸ்' என்பது பெயர்ச்சொல். ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'பயாஸ்டு' என்று வரவேண்டும். 'ஹி வாஸ் பயாஸ்' தவறு, 'ஹி வாஸ் பயாஸ்டு' சரி. 'ஹி ஹேட் எ பயாஸ்' என்றாலும் சரி. பேச்சில் கடைசி 'டு' தெளிவாகக் காதில் விழாது. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட இதைத் தவறாக எழுதுவது உண்டு. 'ப்ரெஜுடிஸ்' சொல்லுக்கும் இதே விதிதான். ஆளைச் சொன்னால் 'ப்ரெஜுடிஸ்டு'.

அடுத்து 'இன்ஃப்ளுயன்ஸ்'. அது வினையாக வரும்போது நடுவில் எதுவும் தேவையில்லை: 'ஹி இன்ஃப்ளுயன்ஸ்டு தி டிசிஷன்'. பெயர்ச்சொல்லாக வந்தால்தான் 'ஆன்' சேரும்: 'ஹிஸ் இன்ஃப்ளுயன்ஸ் ஆன் தி டிசிஷன்'. ஒருவர் இன்னொருவரைத் தன் பிடியில் வைத்திருக்கிறார் என்று சொல்ல 'இன்ஃப்ளுயன்ஸ் ஓவர்' என்று எழுதுவார்கள். தமிழில் 'முடிவின் மேல் செல்வாக்குச் செலுத்தினார்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த 'மேல்' ஆங்கிலத்திலும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, உங்கள் மேலாளர் ஓரத்தில் எழுதிய கேள்விக்கு வருவோம். நல்ல கேள்வி அது. அந்த உறுப்பினர் மனம் நொந்ததற்குக் காரணமும் அதற்குள்தான் இருக்கிறது.

தமிழில் பாரபட்சம் என்ற ஒரு சொல்லுக்குள் நாம் நிறைய விஷயங்களை அடக்கிவிடுகிறோம். மனத்தில் இருக்கும் சாய்வும் பாரபட்சம், அதன்படி நடந்துகொள்வதும் பாரபட்சம், அதனால் வந்த அநியாயமான முடிவும் பாரபட்சம். ஆங்கிலம் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் வேறொரு குற்றச்சாட்டு. சில சொற்கள் குற்றச்சாட்டே இல்லை, ஒரு நிலைமையைச் சொல்வதோடு நின்றுவிடும். ஆகவே, அறிக்கை எழுதும்போது எந்தச் சொல் நன்றாக ஒலிக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் கையில் எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள். மனத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, செயலுக்கு இருக்கிறதா, சூழ்நிலைக்கு மட்டும்தான் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சொல் கிடைத்துவிடும்.

'பயாஸ்' என்பது சாய்வு. ஆங்கிலேயர் புல்தரையில் ஆடும் 'பௌல்ஸ்' என்ற ஆட்டத்தில், உருட்டிவிடும் பந்து நேராகப் போகாது. ஒரு பக்கம் வளைந்து போகும்படியே அதைச் செய்திருப்பார்கள். அந்த வளைவுக்கு அவர்கள் வைத்த பெயர் பயாஸ். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இது ஆட்டத்தைத் தாண்டி மனச்சாய்வையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் சொல்லின் இயல்பு பிடிபடும். யாரோ வேண்டுமென்றே செய்தது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் கட்டாயம் இல்லை. தன்னை அறியாமலும் ஒருவருக்குச் சாய்வு இருக்கலாம், அதைத்தான் 'அன்கான்ஷியஸ் பயாஸ்' என்கிறார்கள். புள்ளியியலில் எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப விலகும் பிழைக்கும் இதே பெயர்தான். அங்கே யாருடைய நேர்மையும் கேள்விக்கு வருவதில்லை. ஆனால் ஒரு விசாரணை அறிக்கையில் பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதரைக் குறித்து 'பயாஸ்டு' என்று எழுதினால், படிப்பவர் இந்த மென்மையையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்று நீங்கள் கண்டறிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கண்டறிந்தது அதுவா?

இதன் கூட வரும் உருபுகளையும் கவனியுங்கள். சாதகம் என்றால் 'டுவர்ட்ஸ்' அல்லது 'இன் ஃபேவர் ஆஃப்'. பாதகம் என்றால் 'அகெய்ன்ஸ்ட்'. 'பயாஸ்டு டு ஹெர்' என்று பலர் எழுதுகிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். பாதகத்தைச் சொல்லும்போது யாருக்கு எதிராக என்று எழுதாமல் விட்டால் வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும்.

'ப்ரெஜுடிஸ்' இன்னும் கனமானது. லத்தீனில் 'முன்கூட்டியே தீர்ப்பு' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. ஆளைப் பார்க்குமுன், சான்றைக் கேட்குமுன் முடிவுக்கு வந்துவிட்டவர் என்று அர்த்தம். பெரும்பாலும் பாதகமான முடிவு, அதுவும் ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்து. பழைய சக ஊழியர் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அலுவலகக் கடிதங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்ற தொடரைப் 'பாரபட்சம் இல்லாமல்' என்று நினைத்து எழுதுகிறார்கள். அந்தப் பொருளே அதற்கு இல்லை. ப்ரெஜுடிஸ் என்ற சொல்லுக்குக் 'குந்தகம்', 'கேடு' என்ற பழைய சட்டப் பொருள் ஒன்று உண்டு. இந்தத் தொடரில் இருப்பது அதுதான். ஒரு தகராறைச் சமரசமாக முடிக்கப் பேசும்போது கடிதத்தின் தலைப்பில் இதைப் போட்டால், 'என் உரிமைகளுக்குக் குந்தகம் இல்லாமல் இதைச் சொல்கிறேன், நாளைக்கு நீதிமன்றத்தில் இதை என் ஒப்புதலாகக் காட்டக் கூடாது' என்று பொருள். உண்மையிலேயே சமரசத்துக்காக எழுதிய கடிதமாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பும். தலைப்பில் போட்டுவிட்டதால் மட்டும் கிடைத்துவிடாது. ஒப்பந்தங்களில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ் டு' என்று ஒரு ஷரத்தைச் சொன்னால், அந்த ஷரத்தைப் பாதிக்காமல் என்று அர்த்தம். அமெரிக்க நீதிமன்றம் ஒரு வழக்கை 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' தள்ளுபடி செய்தால், அதே வழக்கை மறுபடி தொடுக்கலாம். 'வித் ப்ரெஜுடிஸ்' என்று தள்ளுபடி செய்தால் கதவு மூடியாயிற்று, நீதிபதி வெறுப்போடு தள்ளினார் என்று அர்த்தமில்லை. ஆகவே 'தி என்கொயரி வாஸ் கண்டக்டட் வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். விசாரணை நியாயமாக நடந்தது என்று சொல்ல 'இம்பார்ஷியலி' என்ற ஒரே சொல் போதும்.

அப்புறம் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்'. உங்கள் கேள்வியின் மையம் இதுதான்.

இது ஒரு நிலைமையின் பெயர். ஒருவருடைய கடமை ஒரு பக்கமும், அவருடைய சொந்த நலனோ உறவோ மறுபக்கமும் இழுக்கக்கூடிய இடத்தில் அவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் இதன் பொருள். அவர் இழுபட்டார் என்று இது சொல்வதில்லை. மிக நேர்மையான மனிதருக்கும் இந்த நிலைமை வரலாம். ஒரு நீதிபதியின் பழைய நண்பர் அவர் முன்னால் வழக்காடியாக வந்து நிற்பது நீதிபதியின் குற்றமா? நிலைமை வருவது குற்றமில்லை. வந்தபின் என்ன செய்தார் என்பதில்தான் சரியும் தவறும் இருக்கிறது: வெளியே சொன்னாரா, விலகிக்கொண்டாரா?

சாய்வு நடந்ததா என்பதும் சாய்வு நடந்ததுபோல் தோன்றியதா என்பதும் வேறுவேறு கேள்விகள். ஆங்கிலச் சட்டத்தில் இதை விளக்கிய வழக்கு ஒன்று 1923-இல் நடந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், வாகன விபத்து ஒன்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தீர்ப்பை யோசிக்க மாஜிஸ்ட்ரேட்டுகள் தனி அறைக்குப் போனபோது நீதிமன்ற எழுத்தரும் கூடப் போனார். அந்த எழுத்தரோ, அதே விபத்தில் எதிர்த்தரப்புக்காக நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருந்த வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அறைக்குள் அவர் வழக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை, மாஜிஸ்ட்ரேட்டுகளும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அது உண்மை என்று மேல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அப்படியும் தண்டனையை ரத்து செய்தது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டது கண்கூடாகத் தெரியவும் வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹெவர்ட் பிரபு சொன்னது இந்தத் தீர்ப்பில்தான். அந்த எழுத்தர் யாரையும் திசைதிருப்பியதாக நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரைக் குற்றவாளியாக்காமலே, நடைமுறை செல்லாது என்று சொல்ல முடிந்தது. உங்கள் அறிக்கைக்கும் தேவைப்படுவது இந்த நிதானம்தான்.

இதைச் சொல்ல ஆங்கிலச் சட்டம் 'அப்பேரன்ட் பயாஸ்' என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. நியாய மனமும் விஷயம் தெரிந்த அறிவும் உள்ள ஒரு வெளியாள் பார்த்தால், சாய்வுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று நினைப்பாரா என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. ஆனால் அலுவலக அறிக்கையில் 'அப்பேரன்ட்' என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்துங்கள். அதற்கு 'வெளித்தோற்றத்தில்' என்றும் பொருள் உண்டு, 'வெளிப்படையான' என்றும் பொருள் உண்டு. நீங்கள் முதலாவதை நினைத்து எழுதுவீர்கள், படிப்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொள்வார். 'பெர்சீவ்டு', அதாவது பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுகிற, என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

'பொட்டென்ஷியல் கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று எழுதினால் மென்மையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மென்மைக்கான சொல் இல்லை, காலத்தைக் குறிக்கும் சொல். அரசு ஊழியர்களுக்கான நலன் மோதல், அதாவது கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் பற்றி, பொருளாதார ஒத்துழைப்புக்காகப் பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அதை நடந்துகொண்டிருப்பது, தோற்றத்தில் இருப்பது, இனி வரக்கூடியது என்று மூன்றாகப் பிரிக்கின்றன. பொட்டென்ஷியல் என்பது மூன்றாவது: இன்ன பொறுப்பு இவர் கைக்கு வந்தால் மோதல் வரும் என்ற நிலை. உங்கள் உறுப்பினர் ஏற்கெனவே குழுவில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார். இனி வரக்கூடியது என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. முன்பு ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும் என்றால் 'பெர்சீவ்டு' சரியாக இருக்கும். நெருங்கிய நட்போ, பணத் தொடர்போ இருந்ததாக ஆதாரம் கிடைத்திருந்தால் எந்த அடைமொழியும் இல்லாமல் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்றே எழுதலாம்.

பன்மை வேண்டும்போது 'கான்ஃப்ளிக்ட்ஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்'. இதை 'டிக்ளேர்' அல்லது 'டிஸ்க்ளோஸ்' செய்வார்கள். ஒருவர் விலகிக்கொண்டதைச் சொல்ல 'ரெக்யூஸ்' என்ற வினை இருக்கிறது. முறையான எழுத்தில் அது தன்னையே பொருளாகக் கொள்ளும்: 'ஹி ரெக்யூஸ்டு ஹிம்செல்ஃப் ஃப்ரம் தி பேனல்'. 'ஹிம்செல்ஃப்' இல்லாமல் எழுதுவது செய்திகளில் பரவிவிட்டது, அறிக்கையில் சேர்த்தே எழுதுங்கள்.

நியாயத்தைக் குறிக்கும் நல்ல சொற்களிலும் இதேபோல் நுணுக்கம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் பத்தாவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் 'இன்டிபென்டன்ட் அண்ட் இம்பார்ஷியல்' ஆன தீர்ப்பாயத்தின் முன் நியாயமான, பகிரங்கமான விசாரணை கிடைக்க வேண்டும் என்கிறது. ஏன் இரண்டு சொல்? வெளியிலிருந்து யாரும் கையை முறுக்க முடியாத நிலை இன்டிபென்டன்ட். உள்ளே மனம் சாயாத நிலை இம்பார்ஷியல். யாருடைய அழுத்தமும் இல்லாத ஒருவர் தன் சொந்த வெறுப்பினால் அநியாயம் செய்யலாம். மனத்தில் சாய்வே இல்லாத ஒருவர் மேலிடத்துக்குப் பயந்து அநியாயம் செய்யலாம். ஒன்று இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது என்பதால்தான் இரண்டையும் எழுதினார்கள். செஞ்சிலுவை இயக்கம் 1965-இல் வியன்னாவில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் இம்பார்ஷியாலிட்டி, நியூட்ராலிட்டி, இன்டிபென்டன்ஸ் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. 'நியூட்ரல்' என்றால் எந்தப் பக்கமும் சேராதவர். நேர்காணல் குழு கடைசிவரை அப்படி இருக்க முடியாது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அது இம்பார்ஷியலாக இருந்தால் போதும்.

'பார்ஷியல்' என்ற சொல்லில் மட்டும் ஒரு சிக்கல். 'எ பார்ஷியல் ரிப்போர்ட்' என்றால் முழுமை அடையாத அறிக்கையா, ஒருதலைப்பட்சமான அறிக்கையா? படிப்பவருக்குத் தெரியாது. 'பார்ஷியல் டு' என்றாலோ ஒன்றின் மேல் தனிப் பிரியம் என்ற சாதாரணப் பொருள். அதனால் பார்ஷியலை விட்டுவிட்டு, எதிர்ச்சொல்லான இம்பார்ஷியலை மட்டும் தைரியமாகப் பயன்படுத்துங்கள். அதில் இந்தக் குழப்பம் கிடையாது.

'டிஸ்இன்ட்ரஸ்டட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஆதாயம் எதுவும் இல்லாதவர் என்பது அதன் கவனமான பொருள். ஆர்வம் இல்லாதவர் என்பதற்கு 'அன்இன்ட்ரஸ்டட்'. பலரும் முதலாவதையே இரண்டுக்கும் எழுதிவிடுகிறார்கள். 'எ டிஸ்இன்ட்ரஸ்டட் மெம்பர்' என்று நீங்கள் புகழ்ச்சியாக எழுதினாலும், அக்கறையில்லாமல் உட்கார்ந்திருந்தவர் என்று படித்துவிடும் அபாயம் இருக்கிறது. அங்கே 'வித் நோ பெர்சனல் இன்ட்ரஸ்ட் இன் தி அவுட்கம்' என்று நீட்டியே எழுதலாம்.

மறுபடியும் இன்ஃப்ளுயன்ஸுக்கு வருகிறேன். 'ஹி டிசைடட் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' என்று அப்படியே நிறுத்திவிட்டால், குடிபோதையில் முடிவெடுத்தார் என்று பொருள். யாருடைய தாக்கம் என்று 'ஆஃப்' போட்டுச் சொன்னால்தான் அது மாறும். தாக்கம் என்பது தானே தப்பான விஷயமும் இல்லை. ஒரு நல்ல விண்ணப்பம், ஒரு வலுவான பரிந்துரைக் கடிதம் எல்லாம் முடிவை இன்ஃப்ளுயன்ஸ் செய்யத்தான் வேண்டும், அதற்காகத்தான் அவற்றைக் கேட்டு வாங்குகிறோம். தப்பான தாக்கத்தைச் சொல்ல அடைமொழி தேவை: 'இம்ப்ராப்பர் இன்ஃப்ளுயன்ஸ்'. 'அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது ஒப்பந்தம், உயில் சட்டங்களில் தனிப் பொருள் உள்ள தொடர். ஒருவர்மேல் தனக்கு இருக்கும் பிடியைத் தவறாகப் பயன்படுத்தி அவரைச் சம்மதிக்க வைப்பது. அந்த அளவுக்குப் போகாத விஷயத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தாக்கங்களை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டுமா? இங்கிலாந்தில் நீதிபதிகள் எடுக்கும் உறுதிமொழியின் வாசகத்தை 1868-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்தது. 'வித்தவுட் ஃபியர் ஆர் ஃபேவர், அஃபெக்ஷன் ஆர் இல்வில்' என்று அது முடியும். பயம், சலுகை, பிரியம், பகை. நியாயத்தைக் கோணலாக்கும் விஷயங்களை இவ்வளவு சுருக்கமாக வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஒரு புகாரைப் படிக்கும்போது இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். பயம் என்றால் 'பிரெஷர்' என்ற சொல் பொருந்தும். பிரியம் என்றால் 'ஃபேவரிட்டிசம்'. சொந்தக்காரர் என்றால் 'நெபோட்டிசம்'. போப்பாண்டவர்கள் தங்கள் உடன்பிறந்தாரின் மகன்களுக்குப் பதவிகளை அள்ளிக் கொடுத்த காலத்தில், அந்த உறவைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. 1692-இல் பன்னிரண்டாம் இன்னொசென்ட் என்ற போப் ஆணை போட்டு அந்த வழக்கத்துக்குத் தடை விதித்தார். நண்பர் என்றால் 'க்ரோனியிசம்'. உங்கள் உறுப்பினர் விஷயத்தில் இவை எதற்கும் ஆதாரம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் நான் பார்க்கவில்லை.

'ஃபேவர்' பற்றி ஒரு எச்சரிக்கை. 'தி பேனல் டிசைடட் இன் ஹிஸ் ஃபேவர்' என்றால் முடிவு அவருக்குச் சாதகமாக வந்தது, அவ்வளவுதான். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 'தி பேனல் ஃபேவர்டு ஹிம்' என்று எழுதினால் சூடு ஏறிவிடுகிறது. 'தி பேனல் ஷோட் ஹிம் ஃபேவர்' என்றால் நேரடிக் குற்றச்சாட்டு.

'டிஸ்க்ரிமினேட்' என்ற வினைக்கு 'அகெய்ன்ஸ்ட்' கட்டாயம். 'தே டிஸ்க்ரிமினேட்டட் மீ' என்பது நம்மவர்கள் எழுத்தில் அடிக்கடி வரும் பிழை, 'டிஸ்க்ரிமினேட்டட் அகெய்ன்ஸ்ட் மீ' என்றே எழுத வேண்டும். 'டிஸ்க்ரிமினேட் பிட்வீன்' என்றால் வேறுபாட்டைப் பகுத்தறிவது, அது நல்ல திறமை. சட்டத்தில் டிஸ்க்ரிமினேஷன் என்பது பெரும்பாலும் பாலினம், மதம், இனம், உடல் குறைபாடு போன்ற ஒரு காரணத்தைச் சுட்டி வைக்கும் குற்றச்சாட்டு. காரணம் எது என்று சொல்ல முடியாதபோது இந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

உருவகத் தொடர்களை அறிக்கையில் நான் ஊக்குவிப்பதில்லை. இருந்தாலும் படிக்கும்போது புரியவேண்டுமே. 'லெவல் ப்ளேயிங் ஃபீல்டு' என்பது போட்டி தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரே நிபந்தனைகள் இருப்பது. நடுவரின் மனத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒருவருக்கு மட்டும் கேள்விகள் முன்பே கிடைத்திருந்தால், நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அது இல்லை என்றாகிவிடும். 'டிப்பிங் தி பேலன்ஸ்' நல்லதாகவும் இருக்கலாம்: சமமாக இருந்த இருவரில் ஒருவருடைய அனுபவம் தராசைச் சாய்த்தது என்று எழுதலாம். 'தம்ப் ஆன் தி ஸ்கேல்' அப்படி இல்லை, திருட்டுத்தனமாகத் தட்டை அழுத்தினார் என்று அர்த்தம். 'ரிக்டு' என்றால் முழு மோசடி. 'ஸ்க்யூடு' என்றால் முடிவுகள் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கின்றன, யார் தப்பு என்று சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பற்றி எழுதும்போது இந்தக் கடைசிச் சொல் உங்களுக்கு உதவும்.

இன்னும் இரண்டே சொற்கள். 'காம்ப்ரமைஸ்' என்பதைத் தமிழ்ப் பேச்சில் சமரசம் என்ற பொருளில் மட்டும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'தி ஃபேர்னஸ் ஆஃப் தி ப்ராசஸ் வாஸ் காம்ப்ரமைஸ்டு' என்றால் நடைமுறையின் நியாயமே கெட்டுவிட்டது என்று பொருள். கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் 'கால்டு இன்டு க்வெஸ்சன்', அதாவது கேள்விக்கு உள்ளாகிவிட்டது என்று எழுதலாம். 'ஃபேர்லி' என்ற சொல்லை எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 'ஷி வாஸ் ட்ரீட்டட் ஃபேர்லி' என்றால் நியாயமாக நடத்தப்பட்டார். பின்னால் 'வெல்' சேர்ந்துவிட்டால் ஏதோ சுமாராக நடத்தப்பட்டார் என்று மாறிவிடும்.

இப்போது உங்கள் வாக்கியம். உங்களுக்குத் தெரிந்தவை இரண்டு: முன்பு ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள், அதை அவர் சொல்லவில்லை. இந்த இரண்டையும் அடைமொழி இல்லாமல் முதலில் வையுங்கள்: 'தி மெம்பர் ஹேட் ப்ரீவியஸ்லி வொர்க்டு இன் தி சேம் டிபார்ட்மென்ட் அஸ் தி செலெக்டட் கேண்டிடேட் அண்ட் டிட் நாட் டிஸ்க்ளோஸ் திஸ்'. அடுத்த வாக்கியத்தில் உங்கள் மதிப்பீடு: 'திஸ் கேவ் ரைஸ் டு எ பெர்சீவ்டு கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்'. இப்படிப்பட்ட தொடர்பை முன்பே தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் நிறுவன விதி இருந்தால், அந்த விதியின் எண்ணைச் சொல்லி, அது மீறப்பட்டது என்று எழுதுங்கள். விதியே இல்லையென்றால் சொல்லாமல் விட்டதைக் குற்றமாக எழுத முடியாது. இனி அப்படி ஒரு விதி வேண்டும் என்று பரிந்துரைக்கலாம்.

மூன்றாவது வாக்கியம் மதிப்பெண் தாளைப் பொறுத்தது. அவர் போட்ட மதிப்பெண் மற்ற உறுப்பினர்களுடையதோடு ஒத்துப்போனால், 'வி ஃபவுண்ட் நோ எவிடன்ஸ் தட் இட் அஃபெக்டட் தி டிசிஷன்' என்று எழுதிவிடுங்கள். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் மட்டும் தேர்வானவருக்கு மிக அதிகமாகவும் மற்றவர்களுக்கு மிகக் குறைவாகவும் போட்டிருந்தால், அந்த எண்களை அப்படியே கொடுங்கள், அவர் சொன்ன விளக்கத்தையும் பக்கத்தில் வையுங்கள். அந்த விளக்கம் நிற்கவில்லை என்றால் அப்போது 'பயாஸ்டு இன் ஃபேவர் ஆஃப்' என்று எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதத் தயங்கவும் வேண்டாம். புகார் கொடுத்தவருக்கும் உண்மை தெரிய வேண்டுமே.

அந்த உறுப்பினரிடம் திருத்திய வாக்கியங்களைக் காட்டிப் பேசுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது, எதன் அடிப்படையில் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. பழைய அறிக்கையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், தேதியோடு திருத்திய பதிப்பாக வெளியிடுங்கள். எந்த வாக்கியம் மாறியது என்பதை முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டு, முதல் பதிப்பு யாருக்கெல்லாம் போனதோ அவர்கள் எல்லோருக்கும் இதையும் அனுப்புங்கள்.